உள்ளே ஒன்றுமில்லாத கார்

ஒஸ்மோ பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பும் வளைவுக்கு வந்தபோது, அவனுடைய காரின் பின் இருக்கை பிர்ச் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. முன் இருக்கைகள் இரண்டும் பனி உருகிய சேற்றில், கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன.

ஷெட்டுக்குள்ளிருந்து டங் டங் என்று சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தான். அவன் மனைவி துய்யா நெற்றியில் விளக்கைக் கட்டியிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அங்கிருந்து கொண்டுவந்த அடுப்புக் கையுறை முழங்கை வரை ஏறியிருந்தது. ஒரு கையில் சுத்தியல். இன்னொரு கையில், கோடைக்காலத்தில் தோட்டத்தில் சாஸேஜ் சுடும்போது திருப்பிப் போடுகிற நீள இடுக்கி. சுத்தியலால் கதவை நாலு தட்டு தட்டினாள். பிறகு இடுக்கியால் காரின் தரைவிரிப்பை ஓரத்தில் பிடித்து, முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தூக்கினாள்.

ஒஸ்மோ ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அவன் பயந்த சுபாவம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருபத்து மூன்று வருஷமாக இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்புகளைப் படிக்கிறவன். மனுஷன் எப்படியெல்லாம் சாகலாம் என்று கேட்டால், அகர வரிசையில் சொல்லுவான். ஏணியில் ஏற மாட்டான். கூரையிலிருந்து ஐஸ் விழும் என்று மார்ச் மாதம் முழுக்கத் தெரு நடுவில் நடப்பான். ஒரு தடவை பரணில் வௌவால் தென்பட்டதற்கு, ஒரு வாரம் அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். ஏரியில் கடைசித் துண்டு ஐஸ் கரைகிற வரை கரையிலிருந்த தங்கள் கோடைக்கால வீட்டுப் பக்கமே போகமாட்டான். அதனால்தான் குளிர்காலம் முழுக்கப் பூட்டிக்கிடந்த அந்த வீட்டைத் திறந்து பெருக்க, முந்தின நாள் துய்யா மட்டும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய் வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஏப்ரல் மாதம் ஒருத்தர் பழைய காரின் இருக்கைகளைக் கழற்றி வாசலில் போட்டால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஒரு இரும்புக் கூண்டை வெல்டிங் வைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மணல் குழியில் ஏழெட்டுக் கார்களோடு முட்டி மோதிச் சுற்றப் போகிறார் என்று அர்த்தம். பதினைந்து வயதுப் பெண்ணும் செய்வாள், எழுபது வயதுப் பாதிரியாரும் செய்வார். அப்படிச் சுற்றி எலும்பை முறித்துக்கொண்டவர்களுக்கு, 'இதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது' என்று போகும் கடிதத்தை ஒஸ்மோவே நூறு தடவை டைப் அடித்திருக்கிறான்.

"பந்தயக் காரா?" என்று கேட்டான்.

துய்யா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். இடுக்கியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஆமா," என்றாள்.

"யாரு ஓட்டப் போறது?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்ல. நான்தான்."

ஒஸ்மோ உள்ளே போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த வீட்டில் பயப்படுவது அவன் வேலை, பயப்படாமல் இருப்பது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேலையை அவள் கொஞ்சம் அதிகமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. எதிரே அவள் காப்பிக் கோப்பை பாதி குடித்தபடி இருந்தது. அந்தக் கோப்பை அப்படியே கழுவப்படாமல் நாள்கணக்கில் கிடக்கிற ஒரு வீட்டை அவன் மனம் கற்பனை செய்தது. அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை.

வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தை தேய்ந்துபோயிருந்தது. அதனால் தந்திரமாகச் செய்ய நினைத்தான். மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பியதும், ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் விறகுக் குவியலுக்குள் ஒளித்துவைத்தான். கழற்ற ஆயுதம் இல்லாவிட்டால் ஆசை தானே அடங்கிவிடும் என்பது அவன் கணக்கு.

அடங்கவில்லை. சாயங்காலம் அவன் வரும்போது அவனுடையதைவிட மூன்று மடங்கு பெரிய ஸ்பேனர் பெட்டி ஷெட்டில் இருந்தது. துய்யா அதை ரெய்யோவிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

ரெய்யோ எங்கள் ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பந்தயக் கிளப்பின் தலைவனும் அவன்தான், பந்தயத்துக்கு வரும் கார்களைச் சோதிப்பவனும் அவன்தான். காரின் உள்பக்கம் முழுக்கக் கழற்ற வேண்டும் என்று மட்டும்தான் துய்யா அவனிடம் சொன்னாளாம். அவன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. புதன்கிழமைக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. வெள்ளிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் துய்யாவின் படம் வந்தது. பள்ளிக்கூடத்துக் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு நின்றாள். கீழே, 'நம் சமையற்காரம்மா மே மாதம் பந்தயத் தடத்தில்' என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனர் எழுத ஆரம்பித்தார்கள்.

பத்திரிகையைப் பார்த்ததும் ஒஸ்மோ அதை மேஜையில் கவிழ்த்து வைத்தான். ஆச்சரியம் என்னவென்றால், துய்யாவும் அதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே பின்வாங்க முடியாது போல," என்றாள்.

"முடியும்," என்றான் ஒஸ்மோ ஆசையோடு.

"பிள்ளைங்க முகத்தை எப்படிப் பாக்கிறது? போ, நீ போய்ச் சாப்பிடு."

அடுத்ததாக ஒஸ்மோ ரெய்யோவையே நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். என் பெண்டாட்டியைச் சேர்க்காதே என்று சொல்லத்தான் போனான். பட்டறையில் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசினான். கொஞ்சமாவது குறை இருந்தாலும் காரை உள்ளே விடக்கூடாது அல்லவா என்று கேட்டான். கூண்டு சரியாக இல்லாவிட்டால் நிராகரித்துவிடுவாய் அல்லவா என்றான். அந்தக் கூண்டு நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வாய்ப்பே இல்லை என்று தனக்குத் தோன்றுவதாகவும் சொன்னான்.

ரெய்யோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"என் பொண்டாட்டி ஓட்டினப்போ நான் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லப்பா," என்றான். "நீ கவலைப்படாதே. நானே பாத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை ஒரு வண்டி நிறைய இரும்புக் குழாயோடு ரெய்யோவும் இரண்டு ஆட்களும் வந்து இறங்கினார்கள். கிளப்பின் செலவில் கூண்டு, கிளப்பின் செலவில் பந்தய இருக்கை, தோளுக்கும் இடுப்புக்கும் குறுக்கே மாட்டுகிற பெல்ட். ஒஸ்மோ ஜன்னலுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்தான்.

ஆனால் துய்யா அவர்களை உடனே உள்ளே விடவில்லை. முதலில் தான் பார்த்துவிடுவதாகச் சொல்லி, ஒரு நீளக் கம்பை எடுத்துக் காருக்குள் மூலை முடுக்கெல்லாம் குத்தினாள். பானெட்டைத் தட்டினாள். டேஷ்போர்டையும் கழற்றச் சொன்னாள். ஹீட்டரைக் கழற்றச் சொன்னாள். கதவுகளின் உள்பலகை, கூரைத் துணி, கால் பக்கம் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டை, ஒன்றையும் விடவில்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டு, தள்ளி நின்று கம்பால் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா கார் கழட்டறேன்," என்றான் ரெய்யோ. "இவ்வளவு சுத்தமா கழட்டினவங்களை நான் பாத்ததே இல்லை. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு அடி முன்னால போகும். இது சும்மா பறக்கப் போவுது."

பறக்கப் போகிறது என்ற வார்த்தை ஜன்னல் வழியாக ஒஸ்மோவின் காதில் விழுந்தது. அவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

மூன்றாவது யோசனை அவனுக்குப் படுக்கையில்தான் வந்தது. பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ கை வைக்க அவனுக்குத் தைரியம் கிடையாது. அதெல்லாம் உயிருக்கு ஆபத்து. காரே கிளம்பாவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. நிலவறைக்குப் போய் நடுத்தர அளவில் ஒரு உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்தான். துய்யா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, அதைக் காரின் சைலன்சர் குழாய்க்குள் வைத்து, துடைப்பக் கட்டையால் எட்டுகிற வரை உள்ளே தள்ளினான். ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

அன்று சாயங்காலம் ரெய்யோ சாவியைத் திருப்பினான். இஞ்சின் இருமியது, மூச்சு வாங்கியது, நின்றது. பத்துத் தடவை முயன்றான். பதினோராவது தடவை இறங்கிவந்து தலையை ஆட்டினான். முப்பது வருஷத்து இஞ்சின், அதன் காலம் முடிந்துவிட்டது என்றான்.

ஒஸ்மோ வருத்தப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டான். பரவாயில்லை, கடவுள் சித்தம் என்றுகூடச் சொன்னான்.

"என்ன பரவாயில்லை?" என்றான் ரெய்யோ. "என் தங்கச்சி மகன் போன வருஷம் பனியில சறுக்கி ஒரு வண்டியை மரத்துல வுட்டான். வண்டி போச்சு. இஞ்சின் புதுசு மாதிரி இருக்கு. இதைவிட ரெண்டு மடங்கு பலம். நாளைக்கே தூக்கி வெச்சிடலாம்."

வைத்துவிட்டார்கள். பழைய சைலன்சரை அறுத்து எறிந்தபோது அதற்குள்ளிருந்து அந்த உருளைக்கிழங்கு உருண்டு வந்து ரெய்யோவின் காலடியில் நின்றது. ரெய்யோ உருளைக்கிழங்கைப் பார்த்தான். ஒஸ்மோவைப் பார்த்தான்.

"எலியா இருக்கும்," என்றான் ஒஸ்மோ.

"எலி இவ்வளவு பெரிய கிழங்கைக் கொண்டுவந்து குழாய்க்குள்ள வைக்குமா?"

"குளிர்காலத்துக்குச் சேர்த்து வெச்சிருக்கும்."

துய்யா மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. எலி என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. எலி நிஜமாகவே உள்ளே இருந்ததா, எத்தனை நாளாக, என்று ஒஸ்மோவைத் துருவித் துருவிக் கேட்டாள். தெரியாது என்றான். அவள் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு மறுபடியும் காருக்குள் தலையை விட்டாள்.

புது இஞ்சினோடு ரெய்யோ காரை வெளியே கொண்டுபோய் வயல் ஓரமாக நாலு சுற்றுச் சுற்றினான். கார் போன வேகத்தில், இது இப்போது கவிழும் என்று ஒஸ்மோ வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் துய்யா பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபோனைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளும் அதே ஆபத்தைத்தான் நினைக்கிறாள் என்று அவனுக்குச் சின்ன ஆறுதல். ரெய்யோ இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்பது.

"கால்ல என்ன?" என்றான் ரெய்யோ. "பிரேக் கொஞ்சம் கடிக்குது. சரி பண்ணிடலாம்."

பந்தயத்துக்கு நாலு நாள் இருந்தது. ஒஸ்மோவால் ஆபீசில் வேலை செய்ய முடியவில்லை. புதன்கிழமை ஒரு கோப்பைத் திறந்தான். கார் மரத்தில் மோதிய வழக்கு. ஓட்டியவள் பெயர் துய்யா இல்லை, வயதும் வேறு, ஊரும் வேறு. இருந்தாலும் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டிருந்த கணவனின் எழுத்து நடுங்கியிருந்ததை அவன் பார்த்தான். இத்தனை வருஷம் அவன் எழுத்துகளைக் கவனித்ததில்லை. கோப்பை மூடிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஆபீஸ் முடியுமுன்னே வீட்டுக்குக் கிளம்பினான்.

துய்யா சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"காரை நான் ஓட்டறேன்," என்றான்.

"எங்க?"

"ஞாயித்துக்கிழமை. தடத்துல. உனக்குப் பதிலா நான்."

அவள் கையிலிருந்த கத்தி தொட்டித் தண்ணீரில் விழுந்தது. அவள் முகம் இப்படி வெளுத்து அவன் பார்த்ததே இல்லை. இப்போது வெளியூரில் இருக்கும் மகளைப் பெற்ற நேரத்தில்கூட அவள் நர்ஸோடு வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள்.

"வேண்டாம்," என்றாள். "நீ அந்தக் காருக்குள்ள உக்காரவே கூடாது."

"ஏன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு, உனக்கு ஒத்துவராது, உன் இதயம் தாங்காது, நானே ஓட்டிவிடுகிறேன், ஆறு சுற்றுத்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று என்னென்னவோ சொன்னாள். கடைசியில், பந்தயமே வேண்டாம், வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம் என்றாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் ஒஸ்மோ அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான். இப்போது அவனுக்குள் வேறொன்று நடந்தது. அவள் பயப்படுகிறாள். தனக்காகப் பயப்படுகிறாள். அந்த வீட்டின் பயத்தை ஒரு சாயங்காலத்துக்கு அவள் எடுத்துக்கொண்டதால், அவனுடைய இடம் காலியாக இருந்தது. காலியான இடத்தில் நின்று பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"ஊருக்கு வாக்குக் குடுத்தாச்சு," என்றான். "நான் ஓட்டறேன் துய்யா."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவள் லீவு போட்டுவிட்டு அந்தக் காரோடு கிடந்தாள். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயை வைத்து எல்லாப் பொந்துக்குள்ளும் பீய்ச்சி அடித்தாள். தகரமும் கூண்டும் ஒரே ஒரு இருக்கையும் தவிர உள்ளே ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை அவள் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தன்னுடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், உள்ளே இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையோடு.

"ரப்பர் பூட்ஸோடயா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இல்லேன்னா சாவி கிடையாது."

ரெய்யோவிடம் கேட்டார்கள். அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கணுக்காலை மூட வேண்டும் என்றுதான் இருக்கிறது, முழங்காலை மூடக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மணல் குழியைச் சுற்றி ஊரே நின்றது. பிள்ளைகளின் பேனரில் துய்யா என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கிடைத்த இடத்தில் 'வீட்டுக்காரர்' என்று நெருக்கி எழுதியிருந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஒஸ்மோவுக்கு முதல் வரிசையில் நடு இடம் விழுந்தது. பின்னால் ஓர இடம் கேட்டுப் பார்த்தான். கொடுக்கவில்லை.

ரெய்யோ பெல்ட்டை இழுத்து இறுக்கினான். ஒஸ்மோவால் பாதி மூச்சுத்தான் விட முடிந்தது. முன்னால் கண்ணாடி கிடையாது, கம்பி வலை மட்டும். ஹெல்மெட்டுக்குள் அவனுடைய மூச்சே யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோலக் கேட்டது. துய்யா ஜன்னலில் குனிந்து, நல்ல வெயிலில் டார்ச் அடித்து, அவன் காலடியை ஒரு தடவை பார்த்தாள்.

"உள்ள எதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே நிறுத்திட்டு வெளிய குதிச்சிடு," என்றாள். "பந்தயம் போனா போகட்டும்."

"என்ன வித்தியாசம்?"

"எதுவா இருந்தாலும்."

ஒஸ்மோவின் திட்டம் எளிது. எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, ஓரமாக, பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகிற வேகத்தில் ஆறு சுற்றுச் சுற்றி வந்துவிடுவது. பச்சை விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் கால் வைத்தான். இரண்டு ஜோடிக் காலுறையோடு அந்த பூட்ஸ் ரொட்டி சைஸுக்கு இருந்தது. மிதித்த கால் பெடலைத் தரை வரை அழுத்தி, பெடலுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. எடுக்க வரவில்லை.

கார் பறந்தது.

முதல் வளைவு சுவர் மாதிரி எதிரே வந்தது. எப்படித் திரும்பினான் என்று அவனுக்குத் தெரியாது. பின்னால் எவனோ இடித்தான். இடது பக்கம் ஒரு கார் உரசிக்கொண்டே வந்து, பொறி பறக்க விலகிப்போனது. வலை வழியாக மணலும் கல்லும் ஹெல்மெட்டில் அடித்தன. கோப்புகளில் படித்த எல்லா வளைவுகளும், எல்லாக் கவிழ்தல்களும், அகர வரிசையில் அவன் கண்முன் வந்தன. அலறினான். முதல் மூன்று சுற்றும் இடைவிடாமல் அலறினான். இஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. நின்றுவிடலாம் என்றால் நிற்க முடியாது. நின்றால் பின்னால் வருகிற ஏழும் மேலே ஏறும். இடிபடாமல் இருக்க ஒரே வழி எல்லோருக்கும் முன்னால் போவதுதான் என்று அவனுடைய பயமே அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

நாலாவது சுற்றில் குரல் போய்விட்டது. குரல் போன இடத்தில் ஒரு அமைதி வந்தது. வளைவு வருவதற்கு முன்னாலேயே கை திரும்பியது. முன்னால் பார்த்தான், யாரும் இல்லை. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தான். அதைத் துய்யா எப்போதோ கழற்றியிருந்தாள். பின்னால் என்ன நடந்தாலும் அது அவன் கவலை இல்லை என்று ஆகிவிட்டது.

கடைசி வளைவில் ஊரில் பால் லாரி ஓட்டுகிற ஒரு பெண் தன் பந்தயக் காரில் அவனை முந்தினாள். ஒஸ்மோ இரண்டாவதாக வந்தான். கொடியைத் தாண்டியதும் பூட்ஸிலிருந்து காலை உருவி, சாவியைத் திருப்பி, வேலிப் பக்கம் காரை உருட்டி நிறுத்தினான்.

ஊர் கை தட்டியது. ரெய்யோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிள்ளைகள் பேனரில் வீட்டுக்காரர் என்பதை அடித்துவிட்டு ஒஸ்மோ என்று எழுதினார்கள். துய்யா ஓடிவந்தாள். ஜன்னல் வழியாக அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் தடவிப் பார்த்து, வெளியே வா என்றாள். ஒஸ்மோ வரவில்லை. கூண்டில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு சிரித்தான். கால் புழுங்குகிறது என்று இன்னொரு பூட்ஸையும், நாலு காலுறைகளையும் கழற்றி ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தான். வெறுங்காலைக் குளிர்ந்த தகரத்தில் சுகமாக நீட்டிக்கொண்டான்.

"எறங்கு ஒஸ்மோ," என்றாள் துய்யா.

"இரு. கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கேன்." குரல் இல்லாமல் காற்றாகத்தான் வந்தது. "நாப்பத்தெட்டு வருஷம் எதுக்குப் பயந்தேன்னே எனக்குத் தெரியல துய்யா. இனிமே எனக்கு எதைப் பத்தியும் பயம் இல்ல."

அந்த நேரத்தில், ஏரிக்கரையில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரியான ஐலா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தபாலாபீசிலிருந்து ஓய்வுபெற்றவள், காது கொஞ்சம் மந்தம், அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவாள். கொண்டுவந்திருந்த புகைபோட்ட மீன் பொட்டலத்தை ஒஸ்மோவின் மடியில் வைத்தாள். நன்றாக ஓட்டினாய் என்று தோளில் தட்டினாள். பிறகு காருக்குள் தலையை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, துய்யாவிடம் திரும்பினாள்.

"அடேயப்பா, ஒண்ணு விடாம கழட்டியிருக்கியேம்மா. ஏப்ரல்ல நம்ம கரையில இந்தக் காருக்குள்ள பூந்துச்சே அந்த விரியன் பாம்பு, அது கடைசியில கெடைச்சுதா இல்லையா?"